வலிக்கும்வரை காத்திருக்கும் ஆண்கள்

புராஸ்டேட் தொல்லைக்கு எப்போது டாக்டரிடம் போவது? ‘தாங்க முடியாதபோது’ என்ற பதில் பலருக்குத் தாமதமான பதில்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, எழுபதை நெருங்கும் ஒருவர் இறங்குகிறார். நிமிர முடியவில்லை. வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் வளைந்தே நடக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. சாயந்திரம் ஆறு மணியிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு தொப்புள்வரை இறுகி உப்பியிருக்கிறது. “எத்தனை நாளா ஐயா இந்தத் தொந்தரவு?” என்று டியூட்டி டாக்டர் கேட்க, “இன்னிக்குத்தான் சார். அதுவரைக்கும் ஒண்ணுமில்ல” என்கிறார். பின்னால் நிற்கும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஒண்ணுமில்லையா? மூணு வருஷமா ராத்திரிக்கு நாலு தரம் எந்திரிக்கிறாங்க. பாத்ரூமுக்குள்ள போனா கால் மணி நேரம் ஆகுது.” முந்தின நாள் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரை, டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. டியூப் உள்ளே போனதும் பையில் ஒரு லிட்டருக்கு மேல் இறங்குகிறது. பெரியவர் டாக்டரைப் பார்த்துக் கைகூப்புகிறார்.

இந்தப் பெரியவருக்குப் பெயரும் ஊரும் கிடையாது. எந்த யூராலஜி டாக்டரைக் கேட்டாலும் வேறு ஊர், வேறு வயது போட்டு இதே கதையைச் சொல்வார். பார்க்கிறவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் புராஸ்டேட் நோயாளிகளின் வரிசையில் இவர் அதிர்ஷ்டசாலி. வலி வந்தது, வலி இவரை ஆட்டோவில் ஏற்றியது, அன்றிரவே நிவாரணம் கிடைத்தது. இதே அடைப்பு வலியே இல்லாமல் வந்திருந்தால் இவர் வீட்டிலேயே இருந்திருப்பார். இந்தச் சுரப்பியின் விஷயத்தில் வலியும் ஆபத்தும் சேர்ந்து வருவதில்லை. அதிகம் படுத்துவது பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியது. அதிகம் கெடுப்பது பெரும்பாலும் சத்தம் போடாதது. அப்படியிருக்க, ‘இன்னும் தாங்க முடியுது’ என்பதை வைத்து டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை.

இருக்கும் இடம்தான் சிக்கல்

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. விந்தோடு சேரும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளவயதில் எடை சுமார் 20 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு. நாற்பதைத் தாண்டியதும் பலருக்கு வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கும் திசுவில் இந்த மாற்றம் தெரியும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அளவுக்கும் அவஸ்தைக்கும் நேர்க்கணக்கும் கிடையாது. ஸ்கேனில் 80 கிராம் என்று வந்தவர் நிம்மதியாகத் தூங்குவார், 35 கிராம்காரர் இரவெல்லாம் நடப்பார். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வீக்கம்’ என்று பார்த்ததும் அலறவும் வேண்டாம், ‘கொஞ்சம்தான்’ என்று படித்துவிட்டுக் கோப்பை மூடவும் வேண்டாம்.

அறிகுறிகள் ஊரறிந்தவை. நின்று காத்திருந்தால்தான் தொடங்குகிறது, முக்கினால்தான் வருகிறது, தாரை மெலிந்து விட்டுவிட்டுப் போகிறது, முடிந்த பிறகும் சொட்டுகிறது, போய்விட்டு வந்தும் பாதி உள்ளே நிற்பதுபோல் இருக்கிறது. வந்துவிட்டால் அடக்க முடியாத அவசரம் வேறு. இதை நம் ஆண்கள் நோய் என்று எடுத்துக்கொள்வதில்லை. வாழ்க்கையை அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள். வெளியூர் பஸ் ஏறுவதற்கு முன்பு காபி கிடையாது. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை, கதவோரம். திருப்பதி வரிசையை நினைத்தாலே பயம், அதனால் ‘முழங்கால் வலி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது. பகலெல்லாம் தண்ணீரைக் குறைப்பது. கேட்டால் ‘உடம்புச் சூடு’. அதற்கு இளநீர், மோர், வாழைத்தண்டுச் சாறு. சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் குழாயை நெரிக்கும் சதைக்கு இளநீர் என்ன செய்யும்? இரவு ஒன்பது மணிக்குக் குடித்தால் இன்னொரு தரம் எழுப்பிவிடும், அவ்வளவுதான்.

வலியில்லாமல் நிரம்பும் பை

அதிகம் பேசப்பட வேண்டிய இடம் இதுதான். சிறுநீர்ப்பை தசையால் ஆனது. சாதாரணமாக 400, 500 மில்லி சேர்ந்தால் நிற்க விடாது. வெளியேறும் வழி குறுகும்போது அந்தத் தசை கூடுதல் அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறது, தடித்துப்போகிறது. சில வருடங்கள் இந்த ஏற்பாடு ஓடும். பிறகு தசை களைத்துப்போக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது. முதலில் 50, 100 மில்லி, பிறகு 300, சிலருக்கு ஒரு லிட்டரையும் தாண்டும். ஒரே இரவில் அடைத்துக்கொண்டவர் துடிக்கிறார். இவரோ துடிப்பதில்லை, ஏனென்றால் பை மாதக்கணக்கில் மெல்ல விரிந்திருக்கிறது, நரம்புகள் அதற்குப் பழகிவிட்டன. தேங்கிய நீரில் தொற்று வருகிறது, கல் உருவாகிறது. சிலருக்கு அழுத்தம் மேல்நோக்கி ஏறி இரண்டு சிறுநீரகங்களும் வீங்குகின்றன. அவர் கடைசியில் டாக்டரிடம் வந்து சொல்லும் குறையில் சிறுநீர் என்ற வார்த்தையே இருக்காது. பசியில்லை, குமட்டுகிறது, கால் வீங்குகிறது, நாலு எட்டு வைத்தால் அசதி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்த்த பிறகுதான் எல்லாரும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த நிலைக்கு ஓர் அடையாளம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் மறைக்கிறார்கள். அதுவரை அந்தப் பழக்கமே இல்லாத பெரியவர் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார். தூக்கத்தில் சிறுநீரை அடக்கும் தசை தளரும்போது, நிரம்பி நிற்கும் பை வழிகிறது. யூராலஜி பாடப்புத்தகத்தில் இது எச்சரிக்கை மணி. வீட்டில் அதற்கு வேறு பெயர்: “வயசாயிடுச்சு, நிதானம் போயிடுச்சு.” மருமகள் முகம் சுளிக்கிறாள் என்று பெரியவர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். மகன் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வருகிறார், பிரச்சினை தீர்ந்ததாக எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அந்த டயப்பருக்குப் பின்னால் இரண்டு சிறுநீரகங்கள் கெட்டுக்கொண்டிருக்கலாம். உரிய நேரத்தில் டியூப் போட்டு அழுத்தத்தை இறக்கினால் இழந்த செயல்திறனில் கணிசமான பகுதி பலருக்குத் திரும்புகிறது. காலம் கடந்தால் டயாலிசிஸ் வரை போகும். இப்படி நாள்பட்டுத் தேங்கியதை மருத்துவமனையில் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அடைப்பு நீங்கிய வேகத்தில் சிறுநீரகம் பல லிட்டர் நீரையும் உப்பையும் கொட்டிவிடும், கண்காணிப்பு வேண்டும்.

எல்லாப் புராஸ்டேட் வீக்கமும் சிறுநீரகத்தில் போய் முடியும் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோருக்கு முடிவதில்லை. ஆனால் யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதை நோயாளியின் உணர்வு சொல்லாது. போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஒரு கிரியாட்டினின் பரிசோதனையும் சொல்லிவிடும். எந்தத் தாலுகா ஊரிலும் ஒரே காலையில் முடிகிற காரியம்.

பெட்டிச் செய்தி: விடியட்டும் என்று இருக்கக் கூடாதவை

சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் இளநீர், வெந்நீர் ஒத்தடம் என்று நேரம் கடத்த வேண்டாம். நேராக அவசரப் பிரிவு.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே சிறுநீர் எரிச்சல் அல்லது அடைப்பு இருந்தால் தொற்று ரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம்.

சிறுநீரில் ரத்தக் கட்டிகள் வந்தால் அன்றே போக வேண்டும். வலியே இல்லாமல் ஒரே ஒரு தரம் சிவப்பாகப் போய் நின்றுவிட்டாலும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். புகைபிடிக்கிறவர்கள் கூடுதல் கவனம்.

முதுகு வலியோடு திடீரென்று கால்கள் பலமிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனால் தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போகலாம்.

‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே?’

வருவது உண்மை. அதனால் சும்மா இருக்கலாம் என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல. கண்புரையும் வயதானால் வருவதுதான், அதற்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘வைத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான்’ என்ற நம்பிக்கைக்கு எதிரான வலுவான சான்று 2003இல் வெளியானது. அமெரிக்காவில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு அது. குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது, வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 66 சதவீதம் குறைந்தது. தளர்த்தும் மாத்திரை தனியாகத் தொல்லையைக் குறைத்தது. ஆனால் நீண்ட கால நோக்கில் திடீர் அடைப்பையோ அறுவை சிகிச்சையையோ தடுக்கவில்லை. சுருக்கும் மாத்திரை தடுத்தது. அதாவது, எப்போது போகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சுருக்கும் மாத்திரை வேலை செய்ய ஆறு மாதம் பிடிக்கும். சிறுநீர்ப்பைத் தசை களைத்துப் போனவருக்கு அந்த அவகாசம் இருக்காது.

அடுத்த பயம், ‘போனா கத்தி வைக்கணும்னு சொல்லிடுவாங்க.’ டாக்டர்கள் உலகெங்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்துத் தொடங்குகிறார்கள். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமையானது. எட்டாவதாக ஒரு கேள்வி: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஏழுக்குள் இருப்பவருக்கு, மற்ற பரிசோதனைகளும் சரியாக இருந்தால், மாத்திரைகூட வேண்டாம். இரவில் குடிப்பதைத் தள்ளிவைத்து ஆண்டுக்கொரு தரம் காட்டினால் போதும். அறுவை சிகிச்சை பேச்சு வருவது மாத்திரை கேட்காதபோதும், அடைப்பு, கல், தொற்று, ரத்தப்போக்கு திரும்பத் திரும்ப வரும்போதும், சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும்தான். தள்ளிப்போட்டவரே அந்தப் பட்டியலில் சேரும் வாய்ப்பு அதிகம் என்பது இந்தப் பயத்தின் வேடிக்கை.

இன்னொரு தவறும் நடக்கிறது: அறுபது வயதுக்காரர் இரவில் எழுந்தாலே புராஸ்டேட் என்று பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவது. கட்டுப்படாத சர்க்கரை, மாலையில் போடும் ‘நீர் மாத்திரை’, இதயம் பலவீனப்பட்டுப் பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் திரும்புவது, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம் என்று பல காரணங்கள் ஒருவரை இரவில் எழுப்பலாம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. புராஸ்டேட்டைப் பார்க்கப் போய்ச் சர்க்கரையைக் கண்டுபிடித்துத் திரும்புவதும் லாபமே.

புற்றுநோய்க்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னது வீக்கத்தைப் பற்றி. புற்றுநோயில் ‘அறிகுறி வந்ததும் போவோம்’ என்ற வழியே அடைபட்டிருக்கிறது. அது பெரும்பாலும் சுரப்பியின் ஓரப் பகுதியில், குழாயிலிருந்து தள்ளித் தொடங்குவதால் ஆரம்பத்தில் சிறுநீரை எதுவும் செய்வதில்லை. பலருக்கு முதல் அறிகுறியே இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வரும் வலி. அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருக்கும். மூட்டுத் தேய்மானம் என்று தைலம் தேய்த்துச் சில மாதங்களும் போயிருக்கும். 2022இல் இந்தியாவில் சுமார் 38,000 பேருக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. நம்மில் கால் பங்கு மக்கள்தொகை உள்ள அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம். மரபு, ஆயுள், உணவு எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு. தேடிப் பார்ப்பதற்கும் பெரிய பங்கு உண்டு: அங்கே ரத்தப் பரிசோதனையில் சின்னதாகவே சிக்குகிறது, இங்கே பலருக்கு முற்றிய பிறகு.

அப்படியானால் எல்லாரும், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் வலுவான எதிர்வாதம் வருகிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. இந்தப் புற்றுநோய்களில் பல, ஆள் வேறு காரணத்தால் சாகும்வரை ஒன்றும் செய்யாமல் கிடப்பவை. அவற்றையும் கண்டுபிடித்து வெட்டினால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும்தான் மிச்சம். இதனால்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012இல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வயதுவரை டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70க்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. ஐரோப்பாவில் 1990களில் தொடங்கிய பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைவு; ஒரு மரணத்தைத் தவிர்க்க 456 பேரை அழைக்க வேண்டும். பலன் உண்டு, ஆனால் பெரிதல்ல என்று படிக்கலாம். நான் இதைச் சற்று வேறு மாதிரி படிக்கிறேன். பரிசோதனையால் வந்ததாகச் சொல்லப்பட்ட தீங்குகளில் பெரும்பகுதி, அதற்கு அடுத்து அவசரப்பட்டுச் செய்ததால் வந்தது. பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நோயில் எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் நாலில் ஒருவருக்கும் மேல் ஊசி போட்டுத் திசு எடுப்பதே தேவைப்படாது என்று காட்டியது. கண்டுபிடி, உடனே வெட்டாதே என்ற வழி இன்று திறந்திருக்கும்போது, பழைய காலத்துத் தீங்கைக் காட்டிப் பேச்சையே தவிர்ப்பது சரியல்ல.

2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு இந்தப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருப்பது தெரியவந்தது. கடைசியாக அவர் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014இல் என்று அவர் தரப்பு சொன்னது. 70க்கு மேல் வேண்டாம் என்ற விதியின்படி யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் விதி சராசரி மனிதனுக்கானது. தெம்பாக இருந்து, இன்னும் 15 ஆண்டு வாழ வாய்ப்புள்ள 71 வயதுக்காரரும், இதயம் பலவீனப்பட்டுப் படுத்திருக்கும் 71 வயதுக்காரரும் டாக்டரிடம் ஒரே பதிலைப் பெறக் கூடாது. என் கருத்தில், ஐம்பதை ஒட்டி ஒரு தரம் இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் 45இலேயே. அம்மா, அக்கா, தங்கைக்கு இளவயதிலேயே மார்பகப் புற்றுநோயோ, சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தாலும் சொல்ல வேண்டும், பி.ஆர்.சி.ஏ.2 என்ற ஒரே மரபணுக் கோளாறு பெண்ணுக்கு அங்கும் ஆணுக்கு இங்கும் வெளிப்படலாம்.

பெட்டிச் செய்தி: பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் கொடுக்கும் முன்

சிறுநீர்த் தொற்று இருந்தாலோ, டியூப் போட்டிருந்தாலோ எண் தாறுமாறாக ஏறும். குணமாகி ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. முந்தின இரண்டு நாள் உடலுறவும் நீண்ட சைக்கிள் சவாரியும் வேண்டாம்.

ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு மாத்திரைகள் எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுவதற்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடும் அப்படித்தான். சொல்லாவிட்டால் டாக்டர் ஏமாறுவார்.

பி.எஸ்.ஏ. எண் 4 என்பது நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடு அல்ல. 2004இல் வெளியான ஆய்வில் 4ஐத் தாண்டாதவர்களிலும் 15 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் இருந்தது. 4ஐத் தாண்டிய பலருக்கு வெறும் வீக்கம்தான்.

யாரும் கேட்காத கேள்வி

2024 ஜனவரியில் பிரிட்டன் மன்னர் சார்லஸ், புராஸ்டேட் வீக்கத்துக்கு மருத்துவமனையில் சேரப்போவதாக அரண்மனையே அறிவித்தது. அந்நாட்டு தேசிய சுகாதாரச் சேவை இணையதளத்தில் புராஸ்டேட் பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் எகிறியது. நம் ஊரில் தலைவர்களின் மருத்துவமனைக் குறிப்பு எப்போதுமே ‘வழக்கமான பரிசோதனை’. ஆண்களின் கூச்சத்தை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் அரசுத் திட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. புராஸ்டேட்டை எல்லாருக்கும் சோதிக்கும் திட்டம் இல்லை, மேலே சொன்ன காரணங்களால் அது நியாயமும்கூட. ஆனால் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறது. அறுபது வயது ஆணிடம் “ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீங்க, படுக்கை நனையுதா?” என்று இரண்டு கேள்வி சேர்க்க மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். தானாகச் சொல்லாதவர், கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் மனைவி சொல்வார்.

போகிறவர் கையோடு எடுத்துப் போக வேண்டியது ஒரு காகிதம். அளவுக் கோடு போட்ட பழைய மக் ஒன்றில் மூன்று நாட்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, எவ்வளவு குடித்தார் என்று குறித்த காகிதம். கூடவே சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், சளி மாத்திரை உட்பட. சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் போன்றவை சிறுநீரை அடைத்துவிடக்கூடியவை. டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தால் முதல் சில நாட்கள் படுக்கும் முன் போட்டு, எழும்போது நிதானமாக எழ வேண்டும். தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. விந்து வெளியேறுவது குறையலாம். அதனால் ஆபத்தில்லை, முன்பே தெரிந்திருந்தால் பயந்து மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். கண்புரை அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழிப்படலம் தொளதொளவென்று தளர்ந்து சிக்கல் தரக்கூடும் என்பது 2005 முதல் தெரிந்த விஷயம். மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்தால் அவர் அதற்கேற்பத் தயாராகிவிடுவார்.